ஒரு கம்பி படும் பாடு

மழைக்காலம் முடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கார் பட்டறைகளில் தவறாமல் வந்து நிற்கும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, முன்னாடி டொக்கு டொக்குனு சத்தம் வருது. ஷாக் போயிடுச்சான்னு பாருங்க." பழுத்த மெக்கானிக் ஷாக் அப்சார்பர் பக்கம் திரும்ப மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது வருதா சார், இல்ல ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கும்போது வருதா?"

ஒரு பக்கம் இறங்கும்போதுதான் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. ஷாக் அப்சார்பருக்கு விலை விசாரிக்கக் கிளம்பியவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது காரின் அடியில் குறுக்காகக் கிடக்கும் ஓர் எஃகுக் கம்பி. 'ப' என்ற எழுத்தைத் தரையில் படுக்கப் போட்டதுபோல இருக்கும். அடிக்கோடு காரின் அகலத்துக்கு ஓடும். இரண்டு கைகளும் இரு சக்கரங்களை நோக்கி நீளும். அமெரிக்கர்களுக்கு இது ஸ்வே பார், பிரிட்டன்காரர்களுக்கு ஆன்டி ரோல் பார், கம்பெனிக் கையேடுகளில் ஸ்டெபிலைசர் பார். உதிரிபாகக் கடைகளில் ஜம்பிங் ராடு என்று கேட்டாலும் இதை எடுத்துப் போடுவார்கள். துள்ளலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது வேறு விஷயம். இது பிறந்தது சாய்வைத் தடுப்பதற்காக.

சாய்வு எங்கிருந்து வருகிறது? அம்பத்தூரிலிருந்து பைபாஸில் வந்து, மதுரவாயலில் வளைந்து வளைந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இறங்கும் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேருந்து ஒரு பக்கம் திரும்புகிறது, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மறுபக்கம் சாய்கிறார்கள். வண்டியின் உடலும் அதேபோலத்தான் சாய்கிறது; டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது, மேலே இருக்கும் கனம் நேராகப் போகப் பார்க்கிறது. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 கி.மீ. வேகத்தில் திரும்பும் காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. அதே வளைவில் 60 கி.மீ. வேகத்தில் போனால் பாதிக்கும் மேல். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகிறது.

இந்தச் சாய்வைக் குறைக்க ஒரு சுலப வழி, ஸ்பிரிங்கை முரடாக்குவது. பழைய காலத்துக் கார்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. ஆனால் அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு எண்ணப்படும். ஸ்பிரிங் மென்மையாகவும் இருக்க வேண்டும், வளைவில் வண்டி சாயவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு ஆசைகளையும் சேர்த்து நிறைவேற்றி வைக்கும் தந்திரம்தான் இந்தக் கம்பி. கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

தந்திரம் எளிமையானது. கம்பியின் நடுப்பகுதி இரண்டு இடங்களில் ரப்பர் புஷ்களுக்குள் உட்கார்ந்து, காரின் சட்டத்தோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. புஷ்ஷுக்குள் அது சுழலலாம். இரு முனைகளும் லிங்க் ராடு எனப்படும் குட்டைக் கம்பிகள் வழியாக வலது, இடது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைகின்றன. இப்போது கார் ஒரு வேகத்தடையில் நேராக ஏறுகிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவு மேலே எழுகின்றன. கம்பியின் இரு கைகளும் சேர்ந்தே எழுகின்றன. நடுக்கம்பி புஷ்ஷுக்குள் ஊஞ்சல் கம்பிபோலப் புரண்டு கொடுக்கிறது, அவ்வளவுதான். அங்கே அதற்கு வேலையே இல்லை.

வளைவில் கதை மாறுகிறது. சாயும் பக்கத்துச் சக்கரம் உடலை நோக்கி மேலே போகிறது. எதிர்ப்பக்கச் சக்கரம் கீழே தொங்கப் பார்க்கிறது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே. நடுவில் இருக்கும் கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. எஃகு முறுக்கை விரும்பாது. பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும் அந்தத் துடிப்புதான் சாயும் பக்கத்தை மேலே தூக்குகிறது, எழும் பக்கத்தைக் கீழே இழுக்கிறது. ஸ்பிரிங் தொடாத வேலையைத் தேவைப்படும்போது மட்டும் செய்துவிட்டு, மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும் கம்பி.

முறுக்கை வேலைக்கு வைக்கும் இந்த வித்தை ஆவடிக்காரர்களுக்குப் புதிதல்ல. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களில் விஜயந்தா டாங்கிகள் உருவாகத் தொடங்கிய நாளிலிருந்து, முறுக்குக் கம்பிகள்தான் அந்த டாங்கிகளைத் தாங்கின. பின்னால் வந்த டி-72, டி-90 டாங்கிகளிலும் அதே ஏற்பாடு: பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் வயிற்றுக்கடியில் குறுக்காக ஓடும் ஓர் எஃகுக் கம்பி. 40 டன்னுக்கும் மேற்பட்ட எடை பன்னிரண்டு கம்பிகளின் முறுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அர்ஜுன் டாங்கியில் மட்டும் இதைக் கைவிட்டு, வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷனுக்குப் போனார்கள். சாலையில் ஓடிய அம்பாசிடர் காரின் முன்சக்கரங்களையும் முறுக்குக் கம்பிகளே தாங்கின.

டாங்கியின் கம்பிக்கும் காரின் ஸ்டெபிலைசருக்கும் வேறுபாடு, எதை எங்கே கட்டிவைப்பது என்பதில்தான். டாங்கியில் கம்பியின் ஒரு முனை உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும், மறுமுனை சக்கரத்திடம். அதனால் அது முழுநேர ஸ்பிரிங். ஸ்டெபிலைசரில் இரு முனைகளும் சக்கரங்களிடம். உடலிடம் இருப்பது சுழல விடும் பிடி மட்டுமே. அதனால் இரண்டு சக்கரங்களும் ஒத்துப்போகாதபோது மட்டும் அது ஸ்பிரிங் ஆகிறது.

கம்பியின் கனத்தில் ஒரு வேடிக்கைக் கணக்கு இருக்கிறது. முறுக்கை எதிர்க்கும் வலு, விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. கம்பி போட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த 2 மி.மீ. வலுவை 46 சதவீதம் கூட்டிவிடுகிறது. 25 மி.மீ. என்றால் வலு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் சுவையானது. கம்பியின் நடுமையத்தில் இருக்கும் எஃகு முறுக்கை எதிர்ப்பதில் பெரிதாக உதவுவதில்லை; வெளி ஓரத்தில் இருப்பதுதான் உழைக்கிறது. ஆகவே 25 மி.மீ. கம்பியின் நடுவைக் குடைந்து 4 மி.மீ. தடிப்புள்ள குழாயாக்கினால் எடை ஏறத்தாழ பாதியாகிறது, வலுவோ ஐந்தில் நான்கு பங்கு அப்படியே மிஞ்சுகிறது. புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெபிலைசர் பார் திண்மக் கம்பியாக இல்லாமல் குழாயாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த நான்காம் படிக் கணக்கைக் கேட்டதும் சில இளைஞர்களுக்குக் கை பரபரக்கும். தடித்த பார் போட்டால் கார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு ஓடும் என்ற நம்பிக்கை மாடிஃபிகேஷன் பிரியர்களிடையே பரவலாக உண்டு. பாதிதான் சரி. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு எடை போகும் என்பதை வண்டியின் எடை, அதன் கனமையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வேகம் ஆகியவை தீர்மானிக்கின்றன. ஸ்டெபிலைசர் பாரால் அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்ற முடியாது. அது செய்வது, அந்தச் சுமையில் முன்சக்கர ஜோடிக்கு எவ்வளவு, பின்சக்கர ஜோடிக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது.

அந்தப் பங்கீடு சின்ன விஷயம் இல்லை. டயரின் பிடிப்பு, அதன் மேல் இருக்கும் எடைக்குச் சமமாக ஏறுவதில்லை. எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே இரண்டு டயர்கள் சமமாகச் சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் சுமக்கும்போது கிடைக்காது. முன்பக்கம் தடித்த பார் போட்டால் முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் நழுவும். பின்பக்கம் தடித்த பார் போட்டால் பின்னால் வழுக்கி, கார் பம்பரமாகப் பார்க்கும். முன்பக்க நழுவலில் ஓட்டுநர் பயந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி அடங்கிவிடும். பின்பக்க வழுக்கலில் பயந்து காலை எடுப்பது ஆபத்தைக் கூட்டலாம். சாதாரணக் குடும்பக் கார்களில் முன்பக்கம் பார் கொடுத்துவிட்டு, பின்பக்கம் பெரும்பாலும் தனி பார் கொடுக்காததன் நியாயம் இதில் இருக்கிறது.

பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்கு இதுவே ஒரு கருவி. பந்தயக் கார்களில் ஸ்டெபிலைசர் பாரின் கை நீளத்தை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. கையைக் குறைத்தால் பார் முரடாகும், நீட்டினால் மென்மையாகும். ஓட்டுநர் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பின்பக்கம் வழுக்குகிறது என்பார். உதவியாளர் ஒரு நட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டுவார். ஆவடி செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு இந்த வசதி தேவையே இல்லை.

ரயிலிலும் இந்தக் கம்பி இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அம்பத்தூர், ஆவடி நிலையங்களை நிற்காமல் கடந்து அரக்கோணம் பக்கம் பாயும் விரைவு ரயில்களில் இப்போது அதிகம் காணப்படும் எல்.எச்.பி. பெட்டிகளின் அடியில் உள்ள ஃபியட் வகைப் போகியில் ஆன்டி ரோல் பார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. மெத்தையான ஸ்பிரிங் வைத்தால் பெட்டி தொட்டில்போல ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடிக்கத்தான் அது. பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை தன் பழைய வடிவமைப்பை 2018-ல் விட்டுவிட்டு எல்.எச்.பி.க்கு முழுதாக மாறியது. பாடியில் வீல்ஸ் இந்தியா நிறுவனம் தயாரிக்கும் ஏர் சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்படும் பேருந்துகளிலும் இதே தர்க்கம்தான். காற்றுப்பையின் சொகுசுக்கு ஈடுகட்ட ஸ்டெபிலைசர் பார் வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர் லாரிக்கு மட்டும் எந்தக் கம்பியும் முழு உத்தரவாதம் தராது. வளைவில் தண்ணீரே ஒரு பக்கம் ஓடிப்போய் நிற்கிறது.

இனி, பட்டறைக் கேள்விக்குத் திரும்பலாம்.

வளைவுக்காகப் பிறந்த இந்தக் கம்பி, சென்னையின் மேற்குப் புறநகரில் வளைவுகளில் உழைப்பதைவிடப் பள்ளங்களில்தான் அதிகம் உழைக்கிறது. மெட்ரோ வேலைக்காக வருடக்கணக்கில் தோண்டப்பட்ட மவுண்ட்–பூந்தமல்லி சாலை, குழாய் பதித்துவிட்டு அரைகுறையாக மூடிய தெருக்கள், சாலைமட்டத்துக்குக் கீழே அரைச் சாண் இறங்கிக் கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிகள் என்று எல்லாமே ஒரு பக்கச் சக்கரத்தைத்தான் விழுங்குகின்றன. வேகத்தடையில் சும்மா புரண்டு கொடுக்கும் கம்பி, இங்கே ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. கையின் நீளம் 25 செ.மீ. என்றும், சக்கரத்தோடு அதன் முனையும் 6 செ.மீ. இறங்குகிறது என்றும் கொண்டால், ஒரு மூடியில் இறங்கி ஏறுவதற்குள் கம்பி 13 டிகிரிக்கும் மேல் முறுகி அவிழ்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்வருவதற்குள் இது எத்தனை முறை நடக்கும் என்பதை அந்தச் சாலையில் ஓட்டுபவர்களே சொல்லட்டும்.

கம்பி இதைத் தாங்கும். ஸ்பிரிங் எஃகு, பதப்படுத்தி எடுத்தது. லட்சக்கணக்கான முறுக்குகளுக்காகவே செய்யப்பட்டது. தாங்காதவை அதைப் பிடித்திருக்கும் சின்னச் சாமான்கள். முதலில் போவது பெரும்பாலும் லிங்க் ராடு. அதன் இரு முனையிலும் குட்டி பால் ஜாயின்ட்கள் இருக்கும். கிரீஸ் வைத்து, ரப்பர் உறை போட்டு மூடியிருப்பார்கள். ரப்பர் உறை ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், சேற்று நீரும் மணலும் உள்ளே புகுந்து அரைக்கத் தொடங்கும். மிக்ஜாம் புயல் கொட்டிய 2023 டிசம்பரில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நின்ற தண்ணீரில் ஊறிய வண்டிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம். கிரீஸ் போனபின் ஜாயின்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் வரும். அந்த ஆட்டம்தான் டொக்கு டொக்கு.

அந்தச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. மதுரவாயல் வளைவில் அது வாயைத் திறக்காது. அங்கே லிங்க் ஒரே திசையில் இழுபட்டு இறுகி நிற்கிறது. மெதுவாக, கரடுமுரடான தெருவில் போகும்போதுதான் இழுப்பும் தள்ளலும் மாறி மாறி வந்து, தளர்ந்த ஜாயின்ட் கிடந்து அடிக்கும். நெடுஞ்சாலையில் சத்தம் இல்லை, வீட்டுத் தெருவில்தான் வருகிறது என்று வாடிக்கையாளர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது புஷ். நடுக்கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வெயிலிலும் சேற்றிலும் இறுகி, வெடித்து, உள்துளை பெரிதாகிவிடும். அப்போது சத்தம் கொஞ்சம் கனமாக, மந்தமாக வரும். சில சமயம் பழைய கட்டில்போல கிரீச்சிடும். கிரீச் சத்தத்தை அடக்க இஞ்சின் ஆயிலோ சாதாரணக் கிரீஸோ தடவுவது நம்மூரில் பழக்கம். ஒரு வாரம் சத்தம் நிற்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்கி மென்மையாக்கிக் கெடுத்துவிடும். தடவியே ஆகவேண்டுமென்றால் சிலிகான் கிரீஸ்தான் சரி. புஷ்ஷை மாற்றும் செலவோ மிகக் குறைவு.

கம்பியே உடைவது அபூர்வம். துருப்பிடித்த இடத்திலோ, வளைவு திரும்பும் இடத்திலோ மயிரிழைக் கீறலாகத் தொடங்கி, ஒருநாள் பெரிய பள்ளத்தில் பட்டென்று போகும். உடைந்தால் கார் நடுரோட்டில் நின்றுவிடாது. சாய்வு கூடும், வேகமாக ஒதுங்கித் திரும்பும்போது தடுமாறும். உடைந்த முனை டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசக்கூடும் என்பதால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த இடத்தில் பழைய மாருதி 800, ஆல்டோ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். புறநகர்த் தெருக்களில் இன்னும் நிறைய ஓடுகிற இந்தக் கார்களில் ஸ்டெபிலைசர் பாருக்கு இரண்டு வேலை. சாய்வைத் தடுப்பதோடு, முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதே கம்பிதான். எடையையும் செலவையும் குறைக்க ஒரே சாமானுக்கு இரட்டை வேலை கொடுத்த சிக்கனமான வடிவமைப்பு. கெட்டிக்காரத்தனம் என்றே சொல்லலாம். ஆனால் அதன் விளைவு, இந்தக் கார்களில் ஜம்பிங் ராடு புஷ் தேய்ந்தால் சத்தத்தோடு போகாது. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பின்னால் இழுபடும், கார் ஒரு பக்கம் போகும், அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது, டயர் ஓரம் தேயும். அலைன்மென்ட் கடைக்கு மூன்றாவது முறை போகிறவர் முதலில் இந்தப் புஷ்ஷைப் பார்த்திருக்க வேண்டும்.

சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாலையோரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி லிங்க் ராடை அசைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் தூக்கியதுமே கம்பி முறுகிவிடுகிறது; லிங்க் இறுகி, தளர்ந்த ஜாயின்ட்கூட ஆடாமல் நடிக்கும். இரண்டு முன்சக்கரங்களும் தரையில் இருக்க, வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திக் கீழிருந்து அசைக்க வேண்டும், அல்லது இரண்டையும் சமமாகத் தூக்க வேண்டும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், தனி லோயர் ஆர்ம் பிடிமானம் உள்ள கார்களில் இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் காணாமல்போனால் குற்றவாளி அகப்பட்டார். மாருதி 800-ல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு பக்கம் தேய்ந்த அதே பள்ளங்களில்தான் மறுபக்கமும் ஓடியிருக்கிறது. புஷ் பிடிகளின் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் சில வகை ரப்பர்கள் முறுகியபடியே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். புதுப்பேட்டையில் பழைய சாமான்களில் பலவும் நல்ல பேரமாகக் கிடைக்கும். கழற்றிய வண்டியின் லிங்க் ராடும் புஷ்ஷும் மட்டும் வேண்டாம். அவை தம் ஆயுளை ஏற்கெனவே வாழ்ந்து முடித்தவை.

அடுத்த முறை முன்பக்கம் சத்தம் வந்து பட்டறைக்குப் போனால், ஷாக் அப்சார்பருக்கு எஸ்டிமேட் போடச் சொல்லுமுன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, லிங்க் ராடை ஆட்டிப் பார்த்தீங்களா?"